விழுந்தவர் பெயரால்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை என்று ஒன்று இல்லை. கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு; அங்கே கேணியும் கடலும் உண்டே தவிர மலை கிடையாது. இந்தத் தட்டை நிலத்தில் பிறந்து வளர்ந்து, இந்துக் கல்லூரி ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்து வருபவன் நான். ஆண்டுதோறும் குறிஞ்சித் திணையை நடத்துவேன். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று கரும்பலகையில் எழுதுவேன். ஒருமுறை ஒரு மாணவன், "சேர், நீங்கள் மலையிலை இருந்திருக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டான். நுவரெலியாவுக்கு ஒருமுறை சுற்றுலா போய் வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். வகுப்பு சிரித்தது.

உண்மையான மலை ஒன்றின் மடியில் ஒரு நாளைக் கழிக்கும் வாய்ப்பு எனக்கு 2024 ஆம் ஆண்டு ஜனவரி 13 ஆம் திகதி, சனிக்கிழமை கிட்டியது. அந்த ஒரு நாட் பயணத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

என் தம்பி சுவிற்சர்லாந்தின் தலைநகரான பேர்ணில் வசிக்கிறான். சில வார லீவில் அவனிடம் சென்றிருந்தேன். அவன் அங்கு போய்ச் சேர்ந்தது 1997 இல். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. ஒரு உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது அதே அடுப்படியில் சமையற்காரனாக நிற்கிறான். அவனுடைய மூத்த மகனுக்குப் பதினேழு வயது. அந்தப் பிள்ளை பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான்.

நான் போய் இறங்கிய மூன்றாம் நாள் இரவு, பிள்ளைகள் படுத்த பிறகு, தம்பி என்னிடம் ஒரு காரியத்தை ஒப்படைத்தான். "அண்ணை, இவனுக்குப் பனிச்சறுக்கிலை பைத்தியம். படிப்பு முடிய அதுக்கெண்டு ஒரு பயிற்சிக்குப் போகப் போறானாம். நான் சொன்னால் முகத்தைத் திருப்பிறான். நீங்கள் வாத்தியார், உங்கடை சொல்லுக்கு மரியாதை வைச்சிருக்கிறான். ஒருக்கால் கதைச்சுப் பாருங்கோ."

வரும் சனிக்கிழமை வெங்கன் என்ற இடத்தில் பெரிய சறுக்குப் போட்டி நடக்க இருந்தது. "பெரியப்பா, வாறியளோ?" என்று பையனே கேட்டான். பேச்சை எடுக்க இதைவிட நல்ல தருணம் வாய்க்காது என்று எண்ணி, "வாறன்" என்றேன். சனிக்கிழமை உணவகத்தில் வேலை கூடிய நாள். தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை.

விடியுமுன் புறப்பட்டோம். பேர்ணிலிருந்து இன்ரர்லாக்கன் வரை ஒரு ரயில். அங்கிருந்து லவுற்றர்புருன்னன் என்ற பள்ளத்தாக்குக்கு இன்னொன்று. இருபக்கமும் செங்குத்தான பாறைச் சுவர்கள், நடுவே ஒடுங்கிய நிலம், பாறை உச்சியிலிருந்து ஏறக்குறைய முந்நூறு மீற்றர் விழும் ஓர் அருவி. வெங்கன் அந்தச் சுவருக்கு மேலே இருக்கிறது. கார் போவதற்கு அங்கு பாதை இல்லை. 1893 இல் திறக்கப்பட்ட பற்சக்கர ரயில்தான் ஊருக்குப் போகும் வழி. தண்டவாளத்தின் நடுவே பல்வரிசை ஒன்று ஓட, வண்டியின் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி மேலே ஏறுகிறது. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் அந்தக் கிராமத்துக்கு அன்று நல்லூர்த் தேர்த்திருவிழாவுக்குப் போவது போலச் சனம் போய்க்கொண்டிருந்தது. கழுத்தில் மாட்டுமணி தொங்கவிட்ட கிழவர்களும், சிவப்புத் தொப்பி போட்ட குழந்தைகளும் எங்கள் பெட்டியை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

ரயில் மேலேற, மூன்று சிகரங்கள் தெரிந்தன. ஐகர், மொங்க், யுங்ஃபிராவ். "மொங்க் எண்டால் துறவி, யுங்ஃபிராவ் எண்டால் கன்னி" என்றான் பையன். மலைக்கு மனிதப் பெயரிட்டு உறவு கொண்டாடும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று என்று நினைத்துக்கொண்டேன்.

நேயர்களே, லவுபர்ஹோர்ன் என்ற மலையின் பெயரால் வழங்கும் இந்தப் போட்டி 1930 இல் தொடங்கியது. உலகக் கிண்ணப் போட்டிகளில் மிக நீளமான இறக்கப் பாதை இதுதான். ஏறக்குறைய நாலரைக் கிலோ மீற்றர். தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் இடையில் ஆயிரத்து இருபத்தெட்டு மீற்றர் உயர வித்தியாசம். இத்தனை தூரத்தையும் ஒரு வீரன் இரண்டரை நிமிடத்தில் இறங்கிவிடுகிறான். ஹானெக் என்னும் நேர்ச்சரிவில் மணிக்கு நூற்றைம்பது கிலோ மீற்றரைத் தாண்டுவது சாதாரணம். 2013 இல் ஜொஹான் கிளாரே என்ற பிரெஞ்சு வீரரின் வேகம் 161.9 கிலோ மீற்றர் என்று பதிவாயிற்று. நமது ஊர் பஸ் வண்டி ஓடும் வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதுவும் இரண்டு பலகைகளின் மேல் நின்றபடி!

போட்டி முடியும் இடத்தருகே, கடைசி வளைவுகள் தெரியும்படி நின்றோம். நான் பஞ்சு போன்ற பனியை எதிர்பார்த்தேன். பாதையோ கண்ணாடி போல இறுகிக் கிடந்தது. "இது பனி இல்லை, பெரியப்பா. தண்ணி விட்டு இறுக்கினது. மெத்தெண்டு இருந்தால் முதல் பத்துப் பேர் போன உடனை கிடங்கு விழுந்திடும். பிறகு வாறவனுக்கு அநியாயம்" என்றான் அவன். நம் மொழியில் புல்லில் நிற்கும் துளியும் பனி, விடியற்காலை மூட்டமும் பனி, இமயத்தில் கிடப்பதும் பனி. அந்தப் பிள்ளையின் இன்னொரு மொழியில் இவை ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பெயர். அவன் தேடித் தேடித் தமிழில் சொல்ல, நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றேன். இருபது ஆண்டுக்காலம் ஆசிரியனாக நின்றவன் அன்று மாணவனாக நின்றேன்.

போட்டி தொடங்கச் சற்று நேரம் இருந்தது. பையன் பாதையின் படத்தை விரித்து ஒவ்வோர் இடமாகக் காட்டினான். நாய்த்தலை என்று பொருள்படும் ஒரு பாறை விளிம்பு. அதிலிருந்து வீரர்கள் அந்தரத்தில் பாய்ந்து கீழே இறங்குகிறார்கள். அதற்கு அப்பால் 'மின்ஷ் விளிம்பு'.

"மின்ஷ் ஆர்? அதிலை வென்றவரோ?" என்று கேட்டேன்.

"இல்லை, பெரியப்பா. விழுந்தவர். 1965 இல்."

அடுத்த இடம் 'கெர்னன் வளைவு'. புரூனோ கெர்னன் என்ற சுவிஸ் வீரர் 1997 இல் அங்கே விழுந்தார். அதுவரை அதற்கு வேறொரு பெயர் இருந்தது. பின்னர் அவர் பெயரே நிலைத்துவிட்டது. இன்னும் கீழே 'ஒஸ்திரியர் குழி' என்று ஓர் இடம். 1954 இல் ஒஸ்திரிய வீரர்கள் பலர் அந்த ஓரிடத்திலேயே விழுந்தார்களாம். அவர்களுள் ரோனி சைலரும் ஒருவர். இரண்டே ஆண்டுகளில், 1956 ஒலிம்பிக்கில், அவர் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். கெர்னனும் தாம் விழுந்த அதே பாதையில் 2003 இல் முதலாவதாக வந்தார்.

எனக்கு இது வியப்பாக இருந்தது. இத்தனை ஆண்டுகளில் எத்தனை பேர் வென்றிருப்பார்கள்! கார்ல் மொலிற்றர் என்பவர் இந்த வெங்கன் ஊரவர்; இதே இறக்கப் போட்டியில் ஆறு முறை வென்றவர். இருந்தும், பையன் விரல் வைத்துக் காட்டிய இடங்களுக்கு அந்த ஊர்ச்சனம் விழுந்தவர்களின் பெயரை அல்லவா இட்டிருக்கிறது?

தொல்காப்பியப் புறத்திணையியலில் நடுகல்லுக்கு ஆறு நிலைகள் சொல்லப்படுகின்றன. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. போரில் பட்டவனுக்குக் கல் எடுத்து, நீராட்டி, நட்டு, பெயரும் பீடும் எழுதி வாழ்த்தினார்கள் நம் முன்னோர். வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் இறந்தவனுக்குச் செய்யும் மரியாதை என்றே சொல்லி வந்திருக்கிறேன். கல்லைக் கடந்து போகின்ற, உயிரோடிருக்கிற வழிப்போக்கனுக்கு அது என்ன சொல்கிறது என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. இந்தப் பனிமலையில் பெயர்கள் வழிப்போக்கனோடு பேசின. இவ்விடத்தில் இன்னான் விழுந்தான், நீ கவனமாகப் போ என்றன.

போட்டி தொடங்கிற்று. பெரிய திரையில் ஒருவன் உச்சியிலிருந்து புறப்படுவதைக் காண்கிறோம். இரண்டு நிமிடம் திரையில் மட்டுமே இருக்கிறான். பிறகு மேட்டுக்கு மேல் ஒரு புள்ளி; அடுத்த கணம் பலகைகள் ஐஸைக் கீறும் ஓசை; கடைசி வளைவுகளில் ஒடிந்து திரும்பி எல்லைக்கோட்டைத் தாண்டுகிறான். நம் கண்ணால் காண்பது சில விநாடிகள்தாம். அந்தச் சில விநாடிகளுக்காக விடியுமுன் எழுந்து மூன்று ரயில் ஏறி வந்திருக்கிறோம். எல்லையைத் தாண்டிய பலர் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். "இரண்டரை நிமிஷமும் அரைக்குந்தலிலை நிக்கவேணும். கடைசி வளைவுக்கு வரேக்கை தொடையிலை பெலன் இருக்காது. அதுதான் இந்த இடம் பொல்லாதது" என்றான் பையன்.

அவன் சொன்ன அந்தப் பொல்லாத இடத்திலேதான் அது நடந்தது. நோர்வே நாட்டு வீரர் அலெக்சாண்டர் ஓமொட் கில்டே, அதற்கு முந்தின ஆண்டு இதே போட்டியில் வென்றவர், எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிலை தவறினார். உடல் சறுக்கிக்கொண்டு போய் வலையில் மோதியது. அதுவரை ஓயாமல் குலுங்கிய மாட்டுமணிகள் ஒரே கணத்தில் நின்றன. ஆயிரமாயிரம் பேர் நின்ற அந்த இடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆட்கள் ஓடினார்கள். ஹெலிகொப்டர் வந்தது. தோள் விலகி, காலில் ஆழமான வெட்டுக்காயத்தோடு அவர் கொண்டுசெல்லப்பட்டதைப் பின்னர் அறிந்தோம். அடுத்த பருவம் முழுவதையும் அவர் இழக்க நேர்ந்தது.

நேயர்களே, ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த அமைதியின் நடுவிலே என் மனதில் முதலில் எழுந்தது இரக்கம் அன்று. தம்பி ஒப்படைத்த காரியத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது என்ற எண்ணமே எழுந்தது. ஆசிரியத் தொழிலின் குணம் அது. உதாரணம் கண்ணில் பட்டால் கை தானாகவே சோக்கட்டியைத் தேடும்.

"பார்த்தியோ, தம்பி? இதைத்தான் அப்பா பயப்பிடுறார்" என்றேன்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அந்த வளைவைக் காட்டினான். "1991 ஆம் ஆண்டு ஜனவரி மாதம், இந்த இடத்திலை ஒரு ஒஸ்திரியப் பெடியன் விழுந்தவர். கேர்னோற் ரைன்ஸ்ரட்லர். இருபது வயது. பலகை வலையிலை மாட்டுப்பட்டது. அவர் செத்துப்போனார். அந்த வருஷப் போட்டியையே நிப்பாட்டினவை. பிறகு வலையளையும் மாத்தி, இந்த இடத்தையும் மாத்தினவை. இண்டைக்கு இவர் உயிரோடை போறார், பெரியப்பா."

அதன் பிறகு அவன் கேட்டான்: "நான் ரேஸ் ஓடப் போறன் எண்டோ அப்பா சொன்னவர்?"

"அப்படித்தான் விளங்கினது."

"நான் படிப்பிக்கப் போறன், பெரியப்பா. சின்னப் பிள்ளையளுக்கு. உங்களை மாதிரி. முதல் பாடம் என்ன தெரியுமோ? விழப் பழக்கிறது. எப்பிடி விழவேணும், விழுந்தால் பலகையை எப்பிடி வைச்சு எழும்பவேணும் எண்டு. அதுக்குப் பிறகுதான் ஓட விடுறது."

எனக்கு மறுமொழி வரவில்லை. போட்டி மீண்டும் தொடங்கியது. அன்று வென்றவர் சுவிஸ் வீரர் மார்க்கோ ஒடர்மற். மணிகள் மறுபடி குலுங்கின. முன்பின் அறியாத ஒரு முதியவர் என் தோளில் தட்டி ஏதோ சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் மனம் வேறோர் இடத்துக்குப் போய்விட்டிருந்தது.

எங்கள் வளவின் பின்பக்கம் ஒரு பனந்தோப்பு இருந்தது. நான் சிறுவனாக இருந்தபோது, காலையும் மாலையும் சீவல் தொழிலாளி ஒருவர் அங்கே வருவார். இடுப்பில் பாளைக்கத்தி, முட்டி, காலில் தளைநார். ஓங்கி நிற்கும் பனைகளில் ஒன்றிலிருந்து இறங்கி அடுத்ததில் ஏறுவார். காற்றில் மரம் ஆடும்போதும் அவர் கை நிதானம் தவறாது. அதைப் பார்க்க எவரும் கூடவில்லை. எவரும் மணி அடிக்கவில்லை. ஒரு மாரி காலத்தில், ஈரம் ஊறிய மரத்தில் தளைநார் வழுக்கி அவர் விழுந்தார். கீழே வலை இல்லை. இரண்டு நாளில் இறந்துபோனார். அடுத்த வாரம் வேறொருவர் அதே மரத்தில் அதே போலத் தளைநாரோடு ஏறினார். எதுவும் மாறவில்லை. அந்தப் பனைக்கு அவர் பெயரை யாரும் வைக்கவில்லை. அவருடைய பெயர் என்னவென்றுகூட எனக்குத் தெரியாது. வீட்டில் எல்லோரும் அவரை அவர் தொழிலால்தான் குறிப்பிட்டார்கள்.

விளையாட்டுக்காக நாலரைக் கிலோ மீற்றர்ப் பாதையின் ஓரமெங்கும் வலை கட்டுகிறது ஒரு தேசம். பிழைப்புக்காக ஏறிய மனிதனுக்கு நாம் ஒரு முழ வலையும் கட்டவில்லை. அது பணக்கார நாடு, உண்மைதான். ஆனால் ஒரு பெயரை நினைவில் வைத்திருக்கப் பணம் வேண்டியதில்லையே?

இரவு வீடு திரும்ப நேரமாயிற்று. தம்பி வேலை முடிந்து வந்து, சாப்பிடாமல் காத்திருந்தான். பிள்ளை குளிக்கப் போனதும், "கதைச்சனீங்களோ?" என்றான்.

"கதைச்சன். அவன் ஓடப் போகேல்லை. படிப்பிக்கப் போறானாம்" என்றேன். விழுந்த வீரரைப் பற்றியும் சொன்னேன். வலையைப் பற்றியும் சொன்னேன்.

அவன் நெடுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பிறகு மெல்லிய குரலில், "நான் வரேக்கை ஒரு லொறிக்குள்ளை பதினொரு பேர், அண்ணை. மாரி காலம். ராத்திரியிலை ஒரு காட்டுக்குள்ளை இறக்கிவிட்டு, அந்தா தெரியிற வெளிச்சத்தைப் பார்த்து ஓடுங்கோ எண்டாங்கள். பனி முழங்கால் மட்டும். எனக்கு முன்னுக்கு ஓடினவன் ஒருத்தன் சறுக்கிக் கீழை போனான். நாங்கள் நிக்கேல்லை" என்றான்.

இருபத்தேழு ஆண்டுகளாக அவன் இதை யாருக்கும் சொன்னதில்லை. அம்மாவுக்கும் சொன்னதில்லை. பனி என்ற சொல்லைக் கேட்டாலே அவன் முகம் ஏன் இறுகிப்போகிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. மகன் பார்க்கும் சரிவு வேறு. அப்பன் பார்க்கும் சரிவு வேறு. ஒன்றில் வலை இருக்கிறது, விழுந்தவனை எடுக்க ஹெலிகொப்டர் வருகிறது. மற்றதில் இருட்டும், நிற்காமல் ஓடுபவர்களும்.

குளித்துவிட்டு வந்த பிள்ளை கதவடியில் நின்றதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. எவ்வளவைக் கேட்டான் என்று தெரியாது. வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்து, அவனுடைய கோப்பைக்குள் கறியை எடுத்து வைத்தான். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை தைப்பொங்கல். மின்சார அடுப்பில் பொங்கிப் படைத்து, பால்கனிக் கண்ணாடிக்கு அப்பால் மங்கலாகத் தெரிந்த சூரியனைக் கும்பிட்டோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தம்பி மகனைப் பார்க்காமலே கேட்டான்: "அந்தப் பயிற்சிக்கு எவ்வளவு காசு கட்டவேணும்?"

பிள்ளை ஒரு தொகையைச் சொன்னான். தம்பி தலையை ஆட்டினான். அது சம்மதமோ, தொகையைக் கேட்ட மலைப்போ, நான் விசாரிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் குறிச்சியில் வயது முதிர்ந்தவர்களிடம், எங்கள் பனந்தோப்பில் விழுந்து இறந்தவரின் பெயரை விசாரித்தேன். பலருக்கு விழுந்தது நினைவிருந்தது, பெயர் நினைவில்லை. கடைசியில் ஒரு கிழவி சொன்னார். சொல்லிவிட்டு, "ஏன் தம்பி, இப்ப கேக்கிறாய்?" என்றார். சற்றுப் பிந்திவிட்ட கேள்விதான்.

அவருடைய உறவினர் எவரையும் நான் இன்னும் கண்டு பேசவில்லை. ஆகையால் அந்தப் பெயரை இந்த ஒலிவாங்கியில் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் நடுகல் பாடம் வரும்போது என் மாணவரிடம் இப்போது ஒரு வேலை கொடுக்கிறேன். உங்கள் ஊரில் தொழில் செய்யும்போது விழுந்தவர், கடலில் போனவர், கிணறு வெட்டும்போது மண் சரிந்து மாண்டவர் யாரேனும் உண்டா என்று வீட்டில் கேளுங்கள். பெயரையும் இடத்தையும் எழுதி வாருங்கள். அந்த இடத்தில் பிறகு எது மாற்றப்பட்டது என்பதையும் எழுதுங்கள் என்கிறேன். முதல் இரண்டு கேள்விகளுக்கு மாணவர் விடை கொண்டுவருகிறார்கள். மூன்றாவது கேள்விக்கு எதிரே பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது.

அந்த வெறுமையை நிரப்ப வேண்டியவர்கள் மாணவர்கள் அல்லர், நேயர்களே; நாங்கள்தாம்.